ரேக் வாங்கும் முன் சரக்கை எடை போடுங்கள்

தூத்துக்குடியில் எங்கள் மளிகைக் கடையை, வாடிக்கையாளரே உள்ளே வந்து எடுத்துக்கொள்ளும் கடையாக மாற்றியதிலிருந்து, அதே யோசனையில் இருக்கும் கடைக்காரர்கள் பலர் வந்து பார்க்கிறார்கள். அநேகமாக எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, ரேக் அடி என்ன ரேட்டுக்கு வாங்குனீங்க?"

அடிக்கு என்ன ரேட் என்று கேட்பதுதான் பிரச்சினையின் ஆரம்பம் என்று நினைக்கிறேன். ரேக் என்பது இரும்புத் தகடு. இரும்பு எடைக்கு விற்கும் பொருள். ஒரே நீளம், ஒரே உயரம், ஒரே வெள்ளை நிறத்தில் இரண்டு ரேக்குகளை அருகருகே நிறுத்தினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் ஒன்றின் தட்டு 0.8 மில்லிமீட்டர் தகட்டிலும் மற்றது 0.6 மில்லிமீட்டர் தகட்டிலும் செய்திருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் சுத்தமாகத் தெரியாது. எண்ணெய் கேனையும் சோப்புக் கட்டிகளையும் ஏற்றி ஒரு வெயில் காலம் போன பிறகு தட்டின் நடுப்பகுதி தொங்கும்போதுதான் தெரியும். அதனால் ரேக் விஷயத்தில் அடிக்கணக்கை விட்டுவிட்டுக் கிலோ கணக்கில் யோசிக்கச் சொல்வேன். உங்கள் சரக்கு எத்தனை கிலோ, அதைத் தாங்கும் இரும்பு எத்தனை கிலோ. இந்த இரண்டும் கையில் இருந்தால் யாரிடம் வாங்கினாலும் ஏமாற மாட்டீர்கள்.

சரக்கிலிருந்து தொடங்குவோம். மூன்றடி நீளம், 16 அங்குல ஆழம் உள்ள ஒரு தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது ஏறக்குறைய 900க்கு 400 மில்லிமீட்டர். அதில் சிப்ஸ் பாக்கெட்டுகளை நிரப்பினால் நாலைந்து கிலோ தாண்டாது. அதே தட்டில் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் வைத்தால் முன்வரிசையில் எட்டு நிற்கும், உள்ளே மூன்று வரிசை போகும், 24 பாட்டில், கிட்டத்தட்ட 50 கிலோ. ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை இரண்டடுக்காக அடுக்கினால் 60, 70 கிலோவெல்லாம் சர்வ சாதாரணமாக வந்துவிடும். ஒரே அளவுத் தட்டு, சுமையில் பத்து மடங்கு வித்தியாசம்! ஆனால் பெரும்பாலான கடைகளில் என்ன நடக்கிறது என்றால், கடை முழுக்க ஒரே வகைத் தட்டை வாங்கிவிடுகிறார்கள். சிப்ஸ் வைக்கும் இடத்தில் தேவையில்லாத கனத்துக்குக் காசு போகிறது, பருப்பு வைக்கும் இடத்தில் தேவையான கனம் இல்லாமல் போகிறது. எந்த வரிசையில் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தோராயமாகக் கிலோவைப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ரேக்காரரைக் கூப்பிடுங்கள்.

சரி, இரும்புப் பக்கம் வருவோம். சூப்பர் மார்க்கெட் ரேக் என்று நாம் சொல்வதில் இருப்பது சில சாமான்கள்தான். நெடுக வரிசையாகச் சின்னச் சின்னத் துளை போட்ட செங்குத்துத் தூண், அதை அப்ரைட் என்பார்கள். தூணின் அடியில் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் கால். அந்தக் காலின் மேல் உட்காரும் அடித்தட்டு. பின்னால் பேக் பேனல். தூணின் துளைகளில் கொக்கி போல மாட்டும் பிராக்கெட், அதன் மேல் தட்டு, தட்டின் முன் விளிம்பில் விலைச்சீட்டு செருகும் பட்டை. சுவரோரம் நிற்பது ஒருபக்க ரேக், நடுவில் நிற்பது இருபக்க ரேக். முதல் ரேக்குக்கு இரண்டு தூண் வேண்டும், அதை ஒட்டி வரும் அடுத்த ரேக்குக்கு ஒரு தூண் போதும், ஏனென்றால் நடுத்தூணை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். கொட்டேஷனில் மெயின் யூனிட், ஆட் ஆன் யூனிட் என்று தனித்தனி விலை இருப்பது அதனால்தான். எல்லாவற்றையும் மெயின் யூனிட் விலைக்குப் போட்டு ஒரு கொட்டேஷன் வந்தால் நிறுத்திக் கேளுங்கள், தூணுக்கு இரண்டு முறை காசு கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

தகட்டின் தடிமனைக் கடைக்காரர்கள் கேஜில் சொல்வார்கள். கேஜ் எண் கூடினால் தகடு மெலிகிறது. 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7, 24 கேஜ் 0.56. "20 கேஜ் தர்றோம் சார்" என்று வாயால் சொல்லிவிட்டு 22 வந்து இறங்கினால் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் கேஜை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நம் கடையில் அதைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு!

ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புத் தகட்டின் எடை 7.85 கிலோ. இது மாறவே மாறாது. நாம் பேசிய மூன்றடித் தட்டை, நாலு பக்கமும் மடித்த விளிம்புகளைப் பிரித்து விரித்தால் கிட்டத்தட்ட அரை சதுர மீட்டர் வரும். 0.8 மில்லிமீட்டர் தகடாக இருந்தால் 3.1 கிலோவுக்கு மேல் காட்ட வேண்டும். 0.6 என்றால் 2.35 கிலோதான் காட்டும். மேலே பெயின்டாக அடித்த பவுடரின் எடை 100 கிராம் அளவுதான், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தட்டுக்கு முக்கால் கிலோ என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் நூறு தட்டு வாங்கும் கடைக்கு அது 75 கிலோவுக்கும் மேலான இரும்பு, நீங்கள் காசு கொடுத்தும் கடைக்கு வராத இரும்பு. சாம்பிளாக ஒரு தட்டைக் கொண்டுவரச் சொல்லித் தராசில் வையுங்கள். பிறகு லோடு வந்து இறங்கும்போது கட்டுக்குள்ளிருந்து எதேச்சையாக ஒரு தட்டை உருவி அதையும் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். விற்பவர் நேர்மையானவராக இருந்தால் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகவே தூக்கி வைப்பார்.

தடிமன் மட்டும் போதாது, தட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்விளிம்பு ஒரு மடிப்போடு நின்றுவிட்டதா, அல்லது கீழே இறங்கி மறுபடி உள்ளே மடிந்து பெட்டி மாதிரி ஆகிறதா? நடுவில் குறுக்காக ஒரு பட்டி வைத்து வெல்டு செய்திருக்கிறார்களா? தட்டின் பலத்தில் பெரும்பங்கு அந்த மடிப்பில்தான் இருக்கிறது. நல்ல மடிப்பும் நடுப்பட்டியும் உள்ள 0.7 தட்டு, வெறுமனே ஒரு மடிப்பு போட்ட 0.8 தட்டைவிட நன்றாக நிற்கும். மடிப்பு முனை கூராக இருக்கிறதா என்று விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சரக்கு அடுக்கும் பிள்ளைகளின் கையை தினமும் அறுக்கப்போவது அந்த முனைதான்.

நாலடித் தட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றடிக்குப் பதில் நாலடி எடுத்தால் தூண்களின் எண்ணிக்கை குறையும், மொத்த விலை குறையும், பார்வைக்கும் அகலமாக நன்றாக இருக்கும். ஆனால் தொய்வின் கணக்கே வேறு. ஒரே தடிமன், ஒரே மடிப்பு, அடிக்கு அதே கிலோ சரக்கு என்று வைத்துக்கொண்டால், நாலடித் தட்டு மூன்றடித் தட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் தொய்யும். நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, தொய்வோ நீளத்தின் நாலாம் அடுக்கில் கூடுகிறது. பிஸ்கட், நாப்கின், சிப்ஸ், ஓட்ஸ் இவற்றுக்கு நாலடி தாராளமாக எடுக்கலாம். பருப்பு, எண்ணெய், சோப்பு, ஊறுகாய் பாட்டில் இவற்றுக்கு மூன்றடியில் நின்றுவிடுங்கள்.

"ஒரு தட்டு நூறு கிலோ தாங்கும்" என்பது எல்லா விற்பனையாளரும் சொல்லும் வசனம். நூறு கிலோ எப்படி வைத்தால் தாங்கும் என்று கேளுங்கள். தட்டு முழுக்கச் சமமாகப் பரப்பி வைத்த சுமைக்குத்தான் அந்தக் கணக்கு. அதே சுமையை நடுவில் ஒரே இடத்தில் குவித்தால் தாங்காது. இன்னொன்று, தட்டுக்கு நூறு என்றால் ஐந்து தட்டுக்கு ஐநூறு, அதை அந்தத் தூணும் காலும் தாங்குமா? தட்டு பலமாக இருந்து தூண் மெலிந்த ரேக்குகளைப் பார்த்திருக்கிறேன், அவைதான் அதிக ஆபத்தானவை, ஏனென்றால் தட்டு தொய்ந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், தூணில் பிராக்கெட் மாட்டும் துளை மெல்ல வாய் பிளப்பது சரக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும். கனமான சரக்குக்குத் தூணின் தகடு 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து.

சோதிப்பது எளிது. தட்டை மாட்டி, அந்த இடத்தில் வைக்கப்போகும் சரக்கையே முழுசாக ஏற்றுங்கள். முன்விளிம்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் இழுத்துப் பிடித்து நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நீளத்தில் இருநூறில் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்பது ரேக் தொழிலில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு, மூன்றடித் தட்டுக்கு நாலரை மில்லிமீட்டர். ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் சரக்கை இறக்குங்கள். தட்டு பழையபடி நேராக வந்துவிட்டால் நல்ல தட்டு. வளைந்தது வளைந்தபடி நின்றால் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தரை. இதை யாருமே யோசிப்பதில்லை. இருபக்க ரேக் ஒன்றில் பக்கத்துக்கு 300 கிலோ என்றால் மொத்தம் 600. வரிசையின் நடுவில் நிற்கும் ஒவ்வொரு தூணும் தன் இடப்பக்க ரேக்கில் பாதி, வலப்பக்க ரேக்கில் பாதி என்று 600 கிலோவையும் தாங்கும், அத்தனையும் சின்னச் சின்னப் பாதங்கள் வழியாக டைல்ஸில் இறங்கும். டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காமல் வெற்றிடம் இருந்தால் அந்த இடம் விரிசல் விடும், ஒரு கால் இறங்கும், வரிசையே சாயும். கால் வரப்போகும் இடங்களைச் சாக்பீஸில் குறித்து, ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. வெறும் பானையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தால் ரேக் வரும் முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுங்கள். கால்களில் திருகி ஏற்றி இறக்கும் பாதம் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள், நம் ஊர்க் கட்டடங்களில் தரை மட்டமாக இருப்பது அபூர்வம்.

இருபக்க ரேக்கில் ஒரு பக்கத்தை மட்டும் முழுசாக நிரப்பிவிட்டு மறுபக்கத்தைக் காலியாக விடக் கூடாது, சரிந்துவிடும். கீழ்த்தட்டிலிருந்து மேல் நோக்கி, இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல அடுக்க வேண்டும். சுவர் ரேக்கைச் சுவரில் திருகாணி போட்டுக் கட்டியே ஆக வேண்டும். சாக்லேட்டுக்காகத் தட்டில் கால் வைத்து ஏறும் குழந்தை எல்லாக் கடைக்கும் வருகிறது.

கிடங்குக்கு இந்த ரேக் வேண்டியதில்லை. அங்கே ஸ்லாட்டட் ஆங்கிள்தான் சரி, துளை போட்ட எல் வடிவ இரும்பை நட்டு போல்ட் போட்டு முடுக்குகிறோமே, அது. லண்டனில் அச்சகம் நடத்திக்கொண்டிருந்த டிமெட்ரியஸ் கோமினோ என்ற இன்ஜினியர், ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனியாகச் சட்டம் செய்து பிறகு வீணாகத் தூக்கிப் போடுவதைப் பார்த்து, கழற்றி மறுபடி வேறு வடிவத்தில் மாட்டக்கூடிய ஒன்று வேண்டும் என்று யோசித்ததிலிருந்து வந்தது அது. 1947இல் டெக்சியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு நம் ஊர் மெடிக்கல் ஷாப், ஹார்டுவேர் கடை, கோர்ட் ரெக்கார்டு ரூம் வரைக்கும் நிற்பது அந்த யோசனைதான். மலிவு, உறுதி, எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மூலைத்தகடு போட்டு மாட்டச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் நட்டு எவ்வளவு முடுக்கினாலும் ரேக் பக்கவாட்டில் ஆடும். ஆனால் வாடிக்கையாளர் கை வைக்கும் இடத்தில் அது வேண்டாம், போல்ட் முனைகள் துருத்திக்கொண்டு புடவையையும் துப்பட்டாவையும் பிடித்து இழுக்கும், தட்டின் உயரத்தை மாற்றவும் ஸ்பேனரோடு உட்கார வேண்டியிருக்கும்.

1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளர்களே நடந்துபோய்ப் பொருளை எடுக்கும் பிக்லி விக்லி கடையைத் திறந்த நாளிலிருந்து, கடைப்பையன் செய்த பாதி வேலையை ரேக் செய்கிறது. "என்ன வேணும்மா?" என்று கேட்க ஆள் இல்லாத இடத்தில், பொருள் தானாகக் கண்ணில் பட வேண்டும், கைக்கு எட்ட வேண்டும். நடு ரேக் நாலரை அடி, மிஞ்சிப்போனால் ஐந்தடி போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். நம் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்தடி உயரமுள்ள பெண்கள். ஆறடி ரேக்கை நடுவில் நிறுத்தினால் மேல்தட்டுச் சரக்கு அப்படியே தூசி படியும், கல்லாவிலிருந்து பார்த்தால் கடையின் பின்பாதி தெரியாது, வெளிச்சமும் அடைபடும். ஏழடி ரேக் சுவரோரம் நிற்கட்டும், அதன் உச்சித் தட்டில் கூடுதல் ஸ்டாக்கை வையுங்கள். ரேக்குகளுக்கு நடுவே நடைபாதை மூன்றடிக்குக் குறையவே கூடாது, இரண்டு பேர் கூடையோடு எதிரெதிரே கடக்க நாலடி வேண்டும். இன்னும் ஒரு வரிசை ரேக் போட்டால் இன்னும் சரக்கு வைக்கலாமே என்ற ஆசையில் நடைபாதையைச் சுருக்கினால், வயதானவர்கள் அந்த வரிசைக்குள் நுழையவே மாட்டார்கள்.

மேல்தட்டுகளின் ஆழம் கீழ்த்தட்டைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே ஆழமாக இருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்தால்தான் தெரியும். பேக் பேனலில் துளை போட்டது, வெறும் தகடு என்று இரண்டு வகை உண்டு. சீப்பு, டூத்பிரஷ், ஷாம்பு சாஷே சரம் தொங்கும் இடத்துக்கு மட்டும் துளை போட்டதை எடுங்கள். கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்று வழிகாட்டிய தமிழ்நாடு இது, சாஷேக்கு நல்ல இடம் கொடுக்காமல் இங்கே கடை நடத்த முடியாது.

துரு பற்றிப் பேசாமல் தூத்துக்குடிக்காரன் ரேக் பற்றி எழுத முடியாது. எங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது. பவுடர் கோட்டிங் அடித்த ரேக்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், பவுடருக்கு முன்னால் தகட்டுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, துருவை நீக்கி, பாஸ்பேட் குளியல் கொடுத்து, அதன் பிறகு பவுடர் தூவி 180, 200 டிகிரி சூட்டில் வேகவைத்தால்தான் அது தகட்டோடு ஒட்டும். இடையில் உள்ளதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பவுடர் அடித்தால், ஒரு கீறல் விழுந்ததும் அதன் கீழேயே துரு ஊர்ந்து போய்ப் பெயின்ட் தோல் உரிவது போல உரியும். கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் இருப்பது நல்லது. தட்டின் மேற்பரப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், தூணின் துளைகளுக்கு உள்விளிம்பைப் பாருங்கள், பிராக்கெட்டின் கொக்கியைப் பாருங்கள், காலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பவுடர் பிடித்திருந்தால் வேலை தெரிந்தவர் செய்தது.

கல் உப்பு, வினிகர், பாத்ரூம் கழுவும் ஆசிட் மூன்றையும் தட்டில் நேரடியாக வைக்காதீர்கள், பிளாஸ்டிக் ட்ரேக்குள் வையுங்கள். தினமும் ஃபினாயில் தண்ணீரால் துடைக்கும் தரையில் முதலில் துருப்பிடிப்பது காலும் அடித்தட்டின் முன்தகடும்தான், கடலோரக் கடை என்றால் அந்த இரண்டை மட்டுமாவது ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்து பவுடர் அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முன்தகடு கையால் கழற்றும்படி இருக்கட்டும், எலியும் கரப்பானும் குடியிருப்பது அதற்குப் பின்னால்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது இந்தப் பக்கம் எத்தனையோ கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒட்டுப்பலகையில் செய்த அலமாரிகள் ஊறி உப்பிப் போயின. இரும்பு ரேக்குகளைக் கழுவித் துடைத்து மறுபடி நிறுத்தினார்கள், ஆனால் தூணுக்குள் புகுந்த சேற்றை எடுக்காமல் விட்டவை உள்ளேயிருந்து துருப்பிடித்தன. வெள்ளத்தில் நின்ற ரேக்கைக் கழற்றி, தூணைப் படுக்கவைத்துக் குழாய்த் தண்ணீரை உள்ளே அடித்து, வெயிலில் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும்.

மூடிய கடைகளிலிருந்து பழைய ரேக் நல்ல விலைக்குக் கிடைக்கும், நல்ல சரக்காகவும் இருக்கும், தாராளமாக வாங்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. தூணில் துளைக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒருவரின் பிராக்கெட் இன்னொருவரின் தூணில் மாட்டாது, மாட்டினாலும் முழுசாக உட்காராமல் முன்பக்கம் தொங்கும். பழையதை வாங்கினால் பிராக்கெட், தட்டு எல்லாம் அதே செட்டாக வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். புதிதாக வாங்கும்போதும் அடுத்த வருஷம் இதே தூணுக்குத் தட்டு கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். காய்கறிப் பக்கத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுப்பவர்கள் காந்தம் ஒட்டவில்லை என்றதும் துருவை நன்றாகத் தாங்கும் 304 ரகம் என்று நம்பிவிடுகிறார்கள், அதைவிட மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, பில்லில் எந்த ரகம் என்று எழுதி வாங்குங்கள்.

ரேக்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சாதாரணப் பதிவில் இருப்பவர்கள் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம், சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் எடுக்க முடியாது, ஆகவே இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது வரி சேர்த்ததா சேர்க்காததா என்று பார்த்து ஒப்பிடுங்கள். பில்லில் வெறுமனே "டிஸ்ப்ளே ரேக், இத்தனை நம்பர்" என்று போட விடாதீர்கள். தூண் தடிமன், தட்டுத் தடிமன், தட்டின் எடை, வண்டி வாடகையும் ரேக்கை மாட்டித் தரும் கூலியும் சேர்ந்ததா என்பது வரைக்கும் எழுதச் சொல்லுங்கள். கூடவே பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பிராக்கெட்டும் விலைப்பட்டையும் உபரியாக வாங்கிக் கிடங்கில் போட்டுவிடுங்கள், முதலில் வளைவதும் உடைவதும் அந்த இரண்டுதான், ஒரு பிராக்கெட்டுக்காக யாரும் கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வண்டி அனுப்ப மாட்டார்கள்.